கதிர் வராத சோளம்

பிள்ளைகளே, தெரிந்த விசயத்தையே அப்பா ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று நீங்கள் உங்களுக்குள் சிரித்துக்கொள்வது எனக்குத் தெரியும். அடுப்பு சுடும் என்றுகூட அப்பா சொல்வார் என்று பெரியவள் உங்கள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கோபமில்லை. ஆனால் பழுப்புத் தாளில் அச்சடித்த ஒரு நோட்டீசும் அதன் கடைசி வரியும் இன்றைக்கும் என் கண்முன்னால் நிற்கின்றன. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் பிறப்பதற்கு முன், நான் விவசாய இலாகாவில் மேஸ்திரியாக இருந்தேன். எட்டாவது படித்தவனுக்கு அது பெரிய உத்தியோகம். என்ன விதைக்கலாம், மாட்டை எப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்று பருவத்துக்கு ஒரு நோட்டீசு வரும். ஊர் ஊராகப் போய் அதை வாசித்துக்காட்டி விதை கொடுப்பது என் வேலை. அந்த வைகாசியில் வந்தது தீவனச் சோளத்தைப் பற்றியது. பொட்டிபுரத்தில்தான் முதலில் வாசித்தேன். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தைக் கதிர் வருமுன் மாட்டுக்குப் போடக்கூடாது, அது விஷம் என்பது கடைசி வரி. கூட்டத்தில் இருந்த ஒரு சம்சாரி, "தண்ணி பட்டா நனையும்னு அதுல எழுதலையா மேஸ்திரி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. மலைக்குக் கீழே சமவெளியில் மாடு வைத்திருக்கிற யாருக்கும் அது சொல்லித் தெரிய வேண்டியதில்லைதான். அதற்குப் பிறகு போன ஊர்களில் அந்த வரியை வாசிக்காமல் விட்டுவிட்டேன்.

போடிமெட்டுப் பாதையில் ஏலத்தோட்டத்தை ஒட்டி ஓர் அக்கா இருந்தார். புருஷன் காய்ச்சலில் போன பிறகு ஒரு பசுவும் அதன் கிடாரிக் கன்றும்தான் அவருக்குத் துணை. காலையில் வளைவில் இருந்த டீக்கடைக்குப் பால் ஊற்றுவார், பிறகு ஏலக்காய் பறிக்கக் கூலிக்குப் போவார். புல்லுக்காக அட்டைக்கடியோடு காட்டுக்குள் வெகுதூரம் அலைய வேண்டும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சோளத்தை அவர் சோறாகத்தான் பார்த்திருந்தார், பயிராகப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் விதைக்கச் சொல்லி விதை கொடுத்தேன். நோட்டீசையும் வாசித்தேன், வழக்கம்போல அந்த ஒரு வரியை விட்டுவிட்டு. எப்போது அறுக்கலாம் என்று கேட்டார். "பசு கேக்கும்போது அறுங்கக்கா" என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

ஆனியில் மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த தடவை நான் போய் இறங்கியபோது டீக்கடைக்காரர், பால்காரம்மா மாடு காலையில் செத்துப்போச்சு என்றார். ஓடினேன். வாயில் நுரையோடு பசு கிடந்தது. பின்னால் முழங்கால் உயரச் சோளம் சுருண்டு வாடி நின்றது. அதில் பாதி அறுபட்டிருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வீணாகக் காய்ந்துபோகுமே என்று முதல்நாள் அறுத்து வைத்து, விடிந்ததும் போட்டிருக்கிறார்.

அவர் அழவில்லை. என் முகத்தையே பார்த்தார். "நீங்க சொன்னபடிதான மேஸ்திரி செஞ்சேன். நான் எதுல பிசகிட்டேன்?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இத்தனை வருசமாகச் சுமக்கிறேன். "பாம்பு தீண்டியிருக்கும்க்கா" என்றேன்.

கயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற கன்றைப் பார்த்து, மிச்சச் சோளத்தை இதுக்காவது போடவா என்று கேட்டார். பாம்பு அந்தச் சோளத்துக்குள்தான் கிடக்கும், அதில் காலே வைக்க வேண்டாம், ஒரு தட்டையைக்கூட எடுக்க வேண்டாம் என்றேன். கன்றைக் காப்பாற்றிவிட்டேன் என்று இறங்கி வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. புரட்டாசியில் திரும்பப் போனபோது, அறுக்காமல் விட்ட சோளம் ஆள் உயரம் தாண்டி வளர்ந்து கதிர் முற்றி நின்றது. இனி அதில் விஷமில்லை, நல்ல தீவனம். அக்கா காட்டிலிருந்து தலையில் புல்லுக்கட்டோடு அந்தச் சோளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். காலில் அட்டை கடித்த ரத்தம் வழிந்தது. கன்றுக்கு விலா எலும்பு தெரிந்தது.

"பாருங்க மேஸ்திரி, பாம்புக்குன்னே எப்படி வளந்து நிக்குதுன்னு" என்று சிரித்தார். "நீங்க மட்டும் சொல்லலைன்னா கன்னும் போயிருக்கும்."

இனிமேல் போடலாம் என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். நேரமாச்சு, சோலி கிடக்கு என்று அவர் வெரசாகத் தோட்டத்துக்கு ஏறிப்போனார்.

அவர் தலை மறைந்த பிறகு கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினேன். கதிர் முற்றிய தட்டையாகப் பார்த்து ஒரு கை அறுத்துக் கன்றின் முன்னால் போட்டேன். மோந்து பார்த்துவிட்டுத் தின்றது. ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும், தின்று முடித்து வெகுநேரம் வரை அதன் பக்கத்திலேயே நின்றேன். பிறகு அரிவாளைத் துடைத்துச் செருகிவிட்டு, கீழே சிந்தியிருந்த தோகைகளை அவர் கண்ணில் படாதபடி ஒன்றுவிடாமல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.