பீங்கான் தூணில் வேதாச்சலம் வைத்த பொட்டு

வேதாச்சலத்தைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், என் எதிரில் பேச வேண்டாம். நகரி நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்தத் தெருவில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஆந்திரம் தனி மாநிலமான மறு வருஷம் திருப்பதியில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தான். நான் அங்கே எலெக்ட்ரீஷியன் கன்னையா, புத்தூர்க்காரன்.

அவனும் அவன் துறைப் புரொபசரும் கட்டியது துகள் முடுக்கி. கன ஹைட்ரஜன் துகள்களைப் பெரிய மின்னழுத்தத்தால் விரட்டி, அதே கன ஹைட்ரஜன் ஏறிய தகட்டில் மோதவிட வேண்டும். மோதுகிற வேகத்தில் சில அணுக்கருக்கள் ஒன்றாகிவிடும். சூரியனுக்குள் நடப்பதும் அந்த மாதிரிச் சேர்க்கைதான், என்றைக்காவது அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பான்.

"இன்னாடா, திருப்பதில சூரியன் செய்யப் போறியா?" என்று கூட வேலை செய்தவர்களே கேலி செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் சிரித்துக்கொண்டே டீ குடிப்பான். மதராஸில் ராணுவம் கழித்துப்போட்ட டிரான்ஸ்பார்மரை அலைந்து வாங்கி, லாரியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவன் அவன். பேசினவர்களில் ஒருத்தன் வந்தானா?

மதராஸுக்கும் ஆந்திரத்துக்கும் நடுவே எந்த ஊர் எந்த மாநிலம் என்று எல்லை முடிவாகிக்கொண்டிருந்த வருஷம், ஹைதராபாத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "இன்றைக்கு ஓடவில்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றி வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடுவேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். ஐந்து வருஷ உழைப்பு! வேதாச்சலத்தின் முகம் வெளிறிப்போயிற்று.

சுவிட்சைப் போட்டோம். முழு அழுத்தம் ஏறுவதற்குள் படீரென்று பொறி. மறுபடி ஏற்றினால் மறுபடி படீர். மேலே மின்சாரத்தைத் தாங்கி நிற்கும் பீங்கான் தூணின் மேல் நீலமாக ஓடி இறங்கியது. போன வாரம் நன்றாகத்தானே இருந்தது!

நடுவில் ஆயுத பூஜை வந்து போயிருந்தது. தூணின் உச்சியிலிருந்து அடிவரை வரிசையாகச் சந்தனம், குங்குமம். மழைக்காலத்து ஈரம் அதில் ஊறி, மின்சாரம் இறங்க வழியாகிவிட்டது.

"ஏமய்யா, யாரு பூசினது இதை?" என்று புரொபசர் கத்தினார். நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தோம். அவனும் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நான்தான் சார்," என்றான் வேதாச்சலம். "எங்க ஊட்ல தறிக்கு வெக்கற மாதிரி வெச்சுட்டேன். தொடச்சிடறேன்."

சுவிட்சை அணைத்து, தூணின் உச்சியில் தேங்கிய மின்சாரத்தை நான் தரைக்கு இறக்கினேன். உதவியாள் கங்கையா குறுக்கே வந்து நின்றான். "பூஜைப் பொட்டு தானா உதிரணும்பா. கையால தொடச்சா குடும்பத்துக்கு ஆவாது."

"வெச்சவன் நான். வர்றது எனக்கே வரட்டும்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தான். அடேயப்பா, அந்த நெஞ்சுரம் எனக்கு வராது.

மறுபடி ஏற்றினோம். பொறி இல்லை. கருக்கள் சேரும்போது தெறிக்கும் நியூட்ரான்களை எண்ண ஒரு கருவி வைத்திருந்தோம். அது டிக் என்றது. பிறகு டிக், டிக் என்று விடாமல் அடித்தது. அதிகாரி நம்பாமல் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம், சத்தம் அடங்கியது. போட்டோம், திரும்பவும் வந்தது.

"சரி, மெஷின் இங்கேயே இருக்கட்டும்," என்றார்.

"கன்னையா, கேக்குதாடா?" என்றான் வேதாச்சலம், கண்ணில் தண்ணீரோடு.

"கேக்காம இன்னாடா!" என்று வராந்தாக் கதவை அகலத் திறந்துவிட்டேன். கல்லூரி முழுக்கக் கேட்கட்டும்.