குடைக்காரிக்கு ஐம்பது மிட்டாய்

செல்போனுக்குள் மட்டுமே இருக்கிற ஒரு விஷப் பிராணிக்காக என் மனைவி எட்டு மாதம் நடந்தாள். நடக்க வைத்தவன் நான். இதைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றிய போனில் விரல் பட்டால் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு விளையாட்டைத் திறந்து தேய்த்துப் பார்ப்பேன். அப்படித்தான் அது கண்ணில் பட்டது. நாம் நிற்கிற தெருவே திரையில் வரைபடமாக வரும். நாம் நடந்தால் அதற்குள் ஒரு பொம்மையும் நடக்கும். தெருமுனையில், கோயில் வாசலில், ரேஷன் கடைப் பக்கத்தில் என்று விதவிதமான பூதங்கள் நிற்கும். வலை வீசிப் பிடித்து வளர்க்கலாம். நாற்பத்தொன்பது வயதில் உனக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனால் வீட்டில் ஒருத்தி நடக்க மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். இவள் கேட்பவளா?

"காலைல எழுந்ததுலருந்து அடுப்புக்கும் கொழாய்க்கும் நடக்கறதே அவலூர்பேட்ட போய் வர்ற தூரம் ஆவுது. இதுல தனியா வேற நடக்கணுமா?"

கால் மதமதவென்று இருக்கிறது என்று அடிக்கடி சொல்வாள். டிவி முன்னால் காலை மடக்கி உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான் வைத்தியம் சொல்வேன். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். என் குணம் அது.

சொந்தக்காரர்கள் கோட்டை பார்க்க வந்திருந்த ஒரு நாள் அவர்களோடு நாங்களும் போனோம். கோட்டைக்குள் இருக்கிற குளத்தங்கரையில் அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் விளையாட்டை அவள் போனில் ஏற்றி, கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். குளத்துக்கு மேலே ஒன்று மிதந்தது. கத்தரிப்பூ நிறத்தில் கவிழ்த்துப் போட்ட குடை, அதிலிருந்து நனைந்த நாடா மாதிரி தொங்குகிற கால்கள், நடுவில் தூக்கக் கலக்கத்தோடு இரண்டு கண்கள். அது கடலில் இருக்கிற, ஜெல்லி மீன் ஜாதி விஷப் பிராணி. குளத்துக்கும் கடலுக்கும் அந்த விளையாட்டுக்கு வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது. தண்ணீர் இருந்தால் போதும், இறக்கிவிட்டுவிடும். அவள் வலையை வீசினாள். முதல் வீச்சிலேயே விழுந்துவிட்டது.

"பாவம், கடல வுட்டுட்டு இங்க வந்து மாட்டினு முழிக்குது பாரு" என்றாள். அதன் ஆங்கிலப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. குடைக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பிடித்த பிராணியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் நடந்தால் ஒரு மிட்டாய் கிடைக்கும். ஐம்பது மிட்டாய் சேர்ந்தால் அது வேறு உருவம் எடுத்துப் பெரிதாகும். நான் இதை விளக்கியபோது அவள் முகத்தில் ஒரு வேகம் வந்தது. டாக்டர் சொல்லி நடக்காதவள், மகள் அழுது சொல்லியும் நடக்காதவள், ஒரு குடைப் பூச்சிக்கு மிட்டாய் வாங்க நடக்கிறேன் என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வருவேன். திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை மதில் வரைக்கும் போய்த் திரும்புவோம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த விளையாட்டில் தமிழ் கிடையாது. அதனால் திரையைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அங்கேதான் நான் என் கைவரிசையைக் காட்டினேன். மிட்டாய் விழுந்த பிறகும் விழவில்லை என்பேன்.

"இன்னும் அரை கிலோமீட்டர் இருக்குது, வா."

"நேத்தும் இதான் சொன்ன."

"மிஷினு காட்றதத் தான சொல்ல முடியும்?"

புலம்பிக்கொண்டே நடப்பாள். ஏமாற்றுவதில் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது மாதம் சர்க்கரை இறங்கியது. டாக்டர் பாராட்டினார். ரிசல்ட் பேப்பரைக் கடையில் ஒட்டி வைக்காத குறைதான்.

நாற்பத்தொன்பது மிட்டாய் சேர்ந்திருந்தபோது அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனோம். நல்ல கோடை. கூட்டத்தால் பஸ்ஸை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இறங்கிக் கோயில் வாசலுக்கு நடந்தபோதே ஐம்பதாவது மிட்டாய் விழுந்துவிட்டது. நான் பார்த்தேன். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை இருந்தது, இன்னும் கொஞ்சம் நடக்கட்டும் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை.

செருப்பை ஒரு பூக்கடையில் விட்டுவிட்டு வரிசையில் நின்று சாமி பார்த்து வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது. அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் எவ்ளோ இருக்குது?"

"ஒரு கிலோமீட்டர். கோயில நாலு சுத்து சுத்துனா முடிஞ்சுது."

அவள் நடந்தாள். தரை கொதித்தது. நான் பத்தடி போவதற்குள் துள்ளிக் குதித்து ஒரு வளையல் கடையின் நிழலுக்குள் ஓடிவிட்டேன். என்னைப் போலவே எல்லாரும் குதிகாலைத் தூக்கித் தூக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைத்தெருவில் காய் வாங்கப் போகிறவள் போல நிதானமாகப் போனாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் யாரோ ஒரு வயதான அம்மா அவளை நிறுத்தி, குனிந்து காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்களுக்கெல்லாம் காலு வெந்து போவுது. உனக்கு சூடே ஒறைக்கல. அம்மா உன் மேல இருக்கறா தாயி."

இவள் வெட்கப்பட்டுப் போய் "அட, இன்னாம்மா நீ" என்று விலகினாள். இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள். நிழலில் நின்றிருந்த என் கண் கலங்கியது. அவள் மேல் சாமி இருக்கிறது என்று நானும் நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் நான் போனேன். சிமெண்ட் தரையில் ஈரமாகக் கால் தடங்கள். குழாயடியில் தண்ணீரை மிதித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடுப்படி வரைக்கும் போயிருந்த தடத்தைக் கால்மிதியால் நானே துடைத்தேன். அவள் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்பளித்து உடைந்து கிடந்தது. அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"வலியே இல்லயே" என்றாள்.

மஞ்சள் வைத்தோம். மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டோம். வலிதான் இல்லையே என்று பத்து நாள் ஓட்டினோம். இடது காலில் நிறம் மாறி வாடை வந்த பிறகுதான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சர்க்கரை காலின் நரம்பைக் கொன்றுவிடும், அதனால் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது என்று அங்கே ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கோயில் கல்லில் வெந்து வருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு என்றார். மதமதப்புக்கு நான் சொன்ன டிவி வைத்தியம் அப்போது ஞாபகம் வந்தது. முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆபரேஷன் நடந்த காலையில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவள் போனைத் திறந்தேன். சும்மா கையை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. குடைக்காரியின் படத்துக்குக் கீழே அதைப் பற்றி நாலு வரி இருக்கும். எட்டு மாதத்தில் நான் படித்ததே இல்லை. அன்றைக்குப் படித்தேன். இதன் விஷம் வலிக்காது, தீண்டப்பட்ட மீன் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டே இருக்கும் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருப்பதையும் பார்க்காமல் அழுதேன்.

மூன்று நாள் கழித்து அவள் கொஞ்சம் தெளிந்தாள். என்னைப் பார்த்துக் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

"அது பெருசாச்சாயா?"

நான் பட்டனை அழுத்திக் காட்டினேன். திரை முழுக்க வெளிச்சம் அடித்தது. குடை விரிந்து, நாடாக்கள் இரண்டு மடங்காகி, அதே தூக்கக் கண்களோடு வந்து நின்றது.

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஆறு மாதம் நான் நானாக இல்லை. சோறு இறங்கவில்லை. கடையில் ஸ்க்ரூவைக் கழற்றி வைத்துவிட்டு எங்கே வைத்தேன் என்று தேடுவேன். சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று பயம். சொல்லாவிட்டால் அவள் கையால் எப்படிச் சாப்பிடுவது? உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள்தான் இன்னும் சமைத்துப் போடுகிறாள். மகள் வந்து பார்க்கிறபோதெல்லாம் "நைனா, அம்மன் எதுக்கு இப்டி சோதிக்கறா?" என்று என்னைத்தான் கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கி அம்பது மிட்டாயும் கோயிலுக்குப் போறதுக்கு முன்னயே முடிஞ்சுடுச்சு. நான்தான் பொய் சொல்லி உன்ன சுத்த வச்சேன்."

"தெரியும்" என்றாள். கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னா தெரியும்?"

"அம்பதுன்னு போட்டுருந்துச்சே. எனக்கு இங்கிலீசுதான் தெரியாது. நம்பருமா தெரியாது? நீ எப்ப எப்ப பொய் சொன்னன்னு எல்லாமே தெரியும்."

"அப்பறம் ஏன்டி நடந்த?" என்று கத்தினேன். தப்பு செய்தவன் நான், கத்தியதும் நான்.

அவள் ஒரு காம்பை உருவிப் போட்டாள்.

"முடிஞ்சுதுன்னா நீ உன் பாட்டுக்கு முன்னால பூடுவ."

இருபத்தாறு வருடமாக எங்கே போனாலும் நான் பத்தடி முன்னால்தான் போவேன். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, எங்கேயும் அப்படித்தான். திரும்பிப் பார்த்து "சீக்கிரம் வா" என்று அதட்டுவேன். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் எல்லாருமே அப்படித்தான் நடப்போம், அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. போனைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால் அந்த எட்டு மாதம் மட்டும் அவள் தோளோடு ஒட்டி நடந்திருக்கிறேன். அன்றைக்கு நான் நிழலுக்குள் ஓடிய பிறகும், திரும்பி வந்து சேர்ந்துகொள்வேன் என்று நினைத்துத்தான் அவள் சுற்றியிருக்கிறாள்.

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னாள், அவ்வளவுதான். காம்பைத் தனியாக ஒதுக்கிவிட்டு, கீரையை அலசித் தரச் சொல்லி முறத்தை என்னிடம் நீட்டினாள். திட்டுவாள் என்று ஆறு மாதம் பயந்து கிடந்தேன். திட்டியிருக்கலாம்.