வெறுந்தட்டு திரும்பிய பெருநாள்

கோம்போ அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். அது தெரியாமல்தான் ஷுஃபா அவளிடம் வாலாட்டிவிட்டாள்.

லாமுத் தீவில் எங்கள் லங்கோனித் தெருவில் இரண்டு கழுதைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் நகர்ந்தாக வேண்டும். அத்தனை குறுகல். இங்கே ரகசியம் என்று ஒன்றைக் காப்பாற்ற முடியாது. ஒரு வீட்டில் வெங்காயம் தாளித்தால் தெருக்கோடியில் தும்முவார்கள். கோம்போ அக்கா எனக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் படகோடு கடலில் போய்ச் சேர்ந்தபோது மகள் சல்ஹா கைக்குழந்தை. அன்றிலிருந்து விதும்புவா சுட்டு விற்றுத்தான் பிழைப்பு. ஊறவைத்த அரிசியைத் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்து அரைத்து, பொங்க வைத்து, குழிச்சட்டியில் ஊற்றிச் சுட்டு எடுப்பது. எல்லோரும்தான் சுடுகிறோம். ஆனால் அவள் சுட்டது வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருக்கும். கஸ்காசி என்கிற வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் பெருநாள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மூக்கு வைத்த நீள மாம்பழத்தைப் பிழிந்து, கிராம்பு தட்டிப்போட்டு, சுண்டக் காய்ச்சி மாவில் கலப்பாள். அந்த மணத்துக்கே நோன்பு பிடிக்கலாம் என்று என் புருஷன் சொல்வார்.

சல்ஹாவை ஷுஃபாவின் மகன் அத்மானுக்குப் பேசி முடித்திருந்தது. ஷுஃபா எங்கள் தெருவிலேயே பெரிய வீட்டுக்காரி. புருஷனுக்குச் சொந்தப் படகுகள், வீட்டுக்குள் வானொலி, வாசலில் செதுக்கு வேலை செய்த கதவு. பேசி முடித்த பிறகு அந்த மனுஷிக்கு மொம்பாசாவில் இன்னும் பெரிய இடம் ஒன்று கண்ணில் பட்டது. சொன்ன வாக்கைச் சும்மா திரும்ப வாங்க முடியுமா? ஒரு சாக்கு வேண்டும். அந்தப் பெருநாள் காலையில் கோம்போ அக்கா வழக்கம்போல சம்பந்தி வீட்டுக்குத் தட்டு நிறைய விதும்புவா அனுப்பினாள். ஓரத்தில் நீலப்பூ போட்ட அவளுடைய எனாமல் தட்டு. ஷுஃபா கூடத்தில் அத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்க, ஒன்றைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஐயே, கள்ளு வாடை! கள்ளை ஊத்தித்தான் மாவைப் பொங்க வைக்கிறா போலிருக்கு. நோன்பு முடிஞ்ச வாயில ஹராமையா வைக்கிறது?"

நான் அங்கேதான் இருந்தேன். கள்ளும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அந்தக் காலத்தில் தென்னங்கள் விட்டு மாவு பொங்க வைத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோம்போ அக்கா கடையில் வாங்கிய ஈஸ்டைத் தவிர வேறெதையும் போட்டு மாவைப் பொங்க வைத்ததில்லை. அத்மான் கதவோரம் நின்றிருந்தான். அவனுக்கும் அது தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அன்று மத்தியானம் அந்தத் தட்டு திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, வெறுமையாக.

எங்கள் ஊரில் பெருநாள் தட்டை வெறுமையாகத் திருப்ப மாட்டோம். ஒன்றுமில்லாத வீடுகூட ஒரு பிடி சர்க்கரையாவது வைத்து அனுப்பும். வெறுந்தட்டு வந்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம். கோம்போ அக்கா அதை வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், அடுக்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சல்ஹாதான் அழுதாள். பிறகு அவள் மலிந்திக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையில் சேர்ந்துகொண்டாள். இங்கே கள்ளு மாவு என்ற பேச்சு பரவி, விதும்புவா வாங்க வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பாவிகள், ருசியை மறந்துவிட்டார்கள், பேச்சை மறக்கவில்லை.

"அந்தத் தட்டை எடுத்துப் பொழங்கேன்க்கா, எதுக்கு மாட்டி வச்சிருக்கே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொழங்குவேன். நேரம் வரட்டும்" என்றாள்.

நேரம் இரண்டு வருஷம் கழித்து நோன்புப் பெருநாளில் வந்தது. வந்தது பிறையால்.

அத்மானுக்குப் பேசி முடித்திருந்த மொம்பாசாச் சம்பந்திகள் பெருநாள் கொண்டாட முதல்முறையாக ஷுஃபா வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார்கள். சம்பந்தியம்மா பருத்த மனுஷி, கை நிறைய வளையல், ருசி தெரிந்த நாக்கு என்று பேச்சு. இருபத்தொன்பதாம் நோன்பு அன்று மத்தியானமே ஷுஃபாவின் புருஷன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இன்னைக்குப் பிறை நிச்சயம். எங்கெங்கேயோ பார்த்துட்டாங்க, வானொலியில சொல்லியாச்சு. ஊறப்போடு." அவளும் அரிசியை ஊறப்போட்டு, அரைத்து, பெரிய வாளி நிறைய மாவு கரைத்து மூடிவைத்தாள். ஊரே கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தது. மேகம்தான் தெரிந்தது. பிறை கண்டால் முழங்கும் பள்ளிவாசல் முரசு ஒலிக்கவில்லை. இன்னொரு நோன்பு.

முரசுச் சத்தம் காதில் விழாமல் அரிசியைத் தண்ணீரில் போடாதே என்பது எங்கள் தெருவில் சின்னப் பெண்ணுக்கும் தெரியும். ஷுஃபாவுக்குத் தெரியாதா? தெரியும். புருஷன் வானொலி வைத்திருக்கிற திமிர். சரி, தப்பு நடந்துவிட்டது, அந்த மாவைக் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாக அரைத்திருக்கலாம். அதற்கு மனசு வரவில்லை. சர்க்கரையை அள்ளிப்போட்டு இன்னும் ஒருநாள் மூடிவைத்தாள். எங்கள் வெக்கையில்!

மறுநாள் சாயங்காலம் முரசு முழங்கியது. கோம்போ அக்கா அப்போதுதான் அரிசியைக் களைந்தாள். சல்ஹா வந்திருந்தாள். மலிந்தியிலிருந்து பஸ்ஸில் குலுங்கி, படகேறி வந்து, மேல்மாடியில் அடித்துப் போட்டது மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் அந்த மாம்பழ மாவு. விடியலுக்கு முன்பு நான் உதவிக்குப் போனேன். தொட்டுக்கொள்ளப் பச்சைத் துவரை தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தது. பின்கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

திறந்தால், கறுப்பு அங்கியை முகம்வரை இழுத்துப் போர்த்தியபடி ஷுஃபா நிற்கிறாள்.

"கோம்போ... அக்கா, என் மானத்தைக் காப்பாத்து. மாவு கெட்டுப்போச்சு. வாளி முழுக்கப் பொங்கி வழியுது."

"கெட்டுப்போச்சுன்னா எப்படி?" கோம்போ அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"புளிச்சிருச்சு."

"என்ன வாடை அடிக்குது?"

ஷுஃபா அங்கியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கேக்குறேன்ல? என்ன வாடை?"

"கள்ளு வாடை" என்றாள் ஷுஃபா, தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பெருநாளன்று ஒருத்தி தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாதுதான். பட்டேன்.

"உன் மாவைக் குடு அக்கா. விடிஞ்சா சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட உக்காந்துருவாங்க. பின்வாசல் வழியா அனுப்பிடு, யாருக்கும் தெரிய வேணாம். நீ என்ன கேட்டாலும் தரேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். சுட்டே அனுப்புறேன். போ."

அவள் போனதும் நான் சொன்னேன், "அக்கா, ரெண்டு கை உப்பை அள்ளிப் போடு. இல்லேன்னா நிஜமாவே கள்ளு வாங்கிட்டு வரேன், ஊத்து."

"சீ, வாயை மூடு. அவளுக்காக என் கையைக் கெடுத்துக்கவா?"

அவள் அன்று சுட்டது போல என் ஆயுசில் பார்த்ததில்லை. ஒவ்வொரு குழிக்கும் நெய் விட்டு, ஓரம் பொன்னிறமானதும் குச்சியால் திருப்பி, ஒன்றுகூடக் கருகவில்லை. ஒன்றுகூட அமுங்கவில்லை. "பொண்ணுக்குக் கொஞ்சம் எடுத்து வை அக்கா" என்றேன். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அவள் கண் அடுப்பில் இல்லை, சுவரில் மாட்டியிருந்த தட்டில் இருந்தது.

சுட்டு முடித்தும் அவள் கிளம்பவில்லை. வெயில் ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் வெள்ளை அங்கியில் தெரு நிறைய திரும்பி வருகிற நேரம் பார்த்து எழுந்தாள். நீலப்பூத் தட்டில் விதும்புவாவைக் கோபுரமாக அடுக்கி, ஓலை மூடிகூடப் போடாமல் தலையில் வைத்துக்கொண்டாள். துவரைச் சட்டியோடு நான் பின்னால். நேராக நடுத்தெருவில் நடந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

"யாரு வீட்டுக்குடி இவ்வளவு?" என்று ஒருத்தி மாடியிலிருந்து கேட்டாள்.

"ஷுஃபா வீட்டுக்கு. அவங்க வீட்டு மாவுல கள்ளு வாடை அடிக்குதாம்!" என்றாள் கோம்போ அக்கா.

அடுத்த ஜன்னலிலும் அதே கேள்வி, அதே பதில், கொஞ்சம் கூடுதல் சத்தமாக. பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கழுதை ஒன்றுகூட ஒதுங்கி வழிவிட்டது.

செதுக்கு வேலைக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் விரிப்புப் போட்டுச் சம்பந்திகள் உட்கார்ந்திருந்தார்கள். கோம்போ அக்கா சலாம் சொல்லி, அங்கிருந்த பெரிய தாம்பாளத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். சம்பந்தியம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடேயப்பா, மாம்பழமா இது? யாரு கைப்பக்குவம்?"

ஷுஃபா வாயெடுப்பதற்குள் கோம்போ அக்கா சொன்னாள், "என் கை. இந்த வீட்டுக்காரங்க கள்ளு ஊத்துதுன்னு சொன்ன கை. என் பொண்ணை இந்த அத்மானுக்குப் பேசி முடிச்சிருந்தாங்க, அந்தக் கள்ளைச் சொல்லித்தான் வேணாம்னுட்டாங்க. நல்லா மோந்து பாருங்க. வாடை வேணும்னா அடுக்களையில ஒரு வாளி இருக்கு."

சம்பந்தியம்மா ஷுஃபாவைத் திரும்பிப் பார்த்தாள். அத்மான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அன்றும் வாயைத் திறக்கவில்லை. ஷுஃபா ஓடிப்போய் ஒரு கை பேரீச்சம்பழத்தை அள்ளிவந்து தட்டில் வைக்கப் பார்த்தாள். கோம்போ அக்கா தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். பழங்கள் விரிப்பில் சிதறி உருண்டன.

"வேணாம். நீ வெறுந்தட்டாத்தானே அனுப்பினே? வெறுந்தட்டாவே எடுத்துட்டுப் போறேன். தெருவும் பாத்துக்கட்டும்."

வந்த வழியே, காலித் தட்டை எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அந்தக் கல்யாணம் நின்றுபோகும் என்று நான் ஆசைப்பட்டேன், நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஷுஃபா எந்த வீட்டுப் பலகாரத்தையும் மோந்து பார்த்ததில்லை. கொடுத்ததை அப்படியே விழுங்குகிறாள்.

வீட்டுக்குள் நுழைந்தோம். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். கோம்போ அக்கா முகத்தில் இரண்டு வருஷமாக இல்லாத ஒரு களை. கீழே கூடத்தில் சல்ஹா குளித்து, புது உடுப்பு உடுத்தி, விரிப்பைத் தானே விரித்து உட்கார்ந்திருந்தாள். விரிப்பின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும் இருந்தது.

"எங்கேம்மா போனீங்க? வீடு முழுக்க மாம்பழ வாசம். பஸ்ஸு பூராவும் இதை நெனச்சுட்டுத்தான் வந்தேன்."

கோம்போ அக்கா தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போய், மாவு வாளியைக் கவிழ்த்து விரலால் சுற்றிச் சுற்றி வழித்தாள். ஒரே ஒரு குழிக்குத்தான் தேறியது. அதைச் சுட்டு, அந்த நீலப்பூத் தட்டின் நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். அவ்வளவு பெரிய தட்டில் அது ஒரு பொத்தான் அளவு தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் சல்ஹா. நான்தான் நடந்ததைச் சொன்னேன். ஆசையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன், முடிக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சல்ஹா மெதுவாக மென்றாள். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றாள். "அத்மான் எத்தனை சாப்பிட்டான்?"

கோம்போ அக்கா அடுப்புத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போறான். செரிக்காது அவனுக்கு" என்றாள். அதைச் சொல்லும்போதே எழுந்து, புது அரிசியைப் படியில் அளந்து தண்ணீரில் போட்டாள்.