முசோக்கே தெருவில் நாலொங்கோவின் அடுப்பு

கம்பாலாவின் முசோக்கே தெருவில் வழி கேட்டுப் பாருங்கள். எவரும் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். "சினிமாவுக்கு எதிரே" என்பார்கள். அந்தக் கொட்டகை பாங்காக மாறி, பாங்கும் மூடி, இப்போது அங்கே ஞாயிறுதோறும் அல்லேலூயா கேட்கிறது. ஆனாலும் அது சினிமாதான். "குடைக்கடை மாடியில" என்பார்கள். அங்கே குடை விற்றதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். இன்றைக்கு அந்த மாடி முழுக்கச் சீனத்துச் சவுரிமுடி தொங்குகிறது. வானொலி ரிப்பேர்க் கடை போட்டோ ஸ்டூடியோ ஆயிற்று, ஸ்டூடியோ போன் கடை ஆயிற்று. இந்தத் தெருவில் கடைகள் சட்டை மாற்றுவதுபோல் மாறும். பழைய பெயர் மட்டும் போகவே போகாது.

இத்தனை மாற்றத்தையும் கையில் சாப்பாட்டுத் தட்டுகளோடு படியேறிப் படியிறங்கிப் பார்த்தவள் நாலொங்கோ. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பெர்பெத்துவா. இரட்டைப் பெண்களைப் பெற்ற அன்றிலிருந்து அந்தப் பெயர் போய்விட்டது. இரட்டைப் பிள்ளைக்காரியை நாலொங்கோ என்ற பட்டம் சொல்லாமல் கூப்பிட இங்கே யாருக்குத் துணிச்சல் வரும்?

கடைக்காரன் மதியம் கடையை விட்டு எழுந்தால் அன்றைய வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அதனால் சோறுதான் அவனைத் தேடி வரவேண்டும். நாலொங்கோ கொண்டுவருவாள். வாழையிலை மூடி வேகவைத்த மத்தோக்கே என்னும் வாழைக்காய் மசியல், மேலே வேர்க்கடலைக் குழம்பு, ஓரத்தில் கீரை. சொன்ன நேரத்துக்கு வரும், சூடாக வரும். கையில் காசில்லாத நாளிலும் வரும். அவள் கைமணத்துக்கு அந்தத் தெருவே அடிமை.

புதிதாக ஒருவன் கடை போட்டால் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "எந்தக் குலம்ப்பா?" மீன் குலத்தான் அவன் குலத்து மீனைத் தொடமாட்டான். காளான் குலத்தான் காளானைத் தொடமாட்டான். தன் குலத்தைத் தின்பது சொந்த அண்ணன் தம்பியைத் தின்பது மாதிரி. இது தெரிந்துகொள்ளாமல் அவள் ஒரு கரண்டிகூட யாருக்கும் ஊற்றியதில்லை.

அவள் சமைத்தது, எப்போதோ ஒரு குஜராத்தி வியாபாரி கட்டிய பழைய கடைவரிசையின் பின்முற்றத்தில். சில வருஷத்துக்கு முன்னால் அந்த வரிசை விலைபோயிற்று. புல்டோசர் வந்தது. முற்றம் போயிற்று. அந்த இடத்தில் ஏழு மாடி எழும்பத் தொடங்கியது. முகப்பில் பெரிய பலகை: ட்ரெவர் டவர். கட்டுகிறவர் எஞ்சினியர் ட்ரெவர். இளவயதுக்காரர், கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காரில் வருவார், அப்படியே போவார்.

நாலொங்கோ அசரவில்லை. கட்டடத்துத் தகர வேலியை ஒட்டித் தார்ப்பாய் கட்டினாள், கரி அடுப்புகளை வரிசையாக வைத்தாள், கொத்தனார்களுக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள். ஆனால் மாடிகள் ஏற ஏற அவள் நாளை எண்ணத் தொடங்கினாள். வேலை முடிந்தால் வேலியைப் பிரிப்பார்கள், தார்ப்பாயும் போகும். புதுக் கட்டடத்தில் கரியடுப்பு கூடாது என்று மேஸ்திரி முன்பே சொல்லிவிட்டான். நகரசபை ஆட்கள் நடைபாதையில் பானையைப் பார்த்தால் உதைத்துத் தள்ளுவார்கள். இந்தத் தெருவில் அடுப்பு வைக்க அவளுக்கு வேறு ஒரு சாண் இடம் கிடையாது. எஞ்சினியரிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று காரின் பின்னால் எத்தனையோ முறை ஓடினாள். கண்ணாடி ஒரு தடவைகூட இறங்கவில்லை.

நவம்பர் மழை விட்டது. வெட்டுக்கிளி வந்தது. ஊர் முழுக்க இறக்கை பிய்த்து வறுத்துத் தின்னும் வேலைதான். நாலொங்கோ நல்ல பச்சை வெட்டுக்கிளிகளாகப் பொறுக்கி, வெங்காயம் போட்டு, மொறுமொறுவென்று வறுத்து, ஒரு கிண்ணம் நிறைய எடுத்துத் துணி மூடினாள். எஞ்சினியருக்கு. மனுஷன் ஒரு வாய் தின்றால் மனசு இளகாதா?

போன் உறை விற்கும் ஸெங்கூபாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் நாலொங்கோ, பொண்டாட்டி வெட்டுக்கிளி வறுத்துக் குடுத்தா புருஷன் புதுசா கோமெசி உடுப்பு எடுத்துத் தரணும்ல? எஞ்சினியர் என்ன கலர் எடுக்கப்போறாராம்?"

"உனக்குப் பாடைத்துணி எடுக்கப்போறாரு. வாய மூடிட்டுத் தின்னு."

சிரிப்போடுதான் கிண்ணத்தைக் காவல்காரன் ஒகெல்லோவிடம் கொடுத்தனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் கிண்ணம் திரும்பி வந்தது. மூடிய துணி அப்படியே, உள்ளே வறுவல் அப்படியே.

"என்ன ஒகெல்லோ, தொடக்கூட இல்லையா?"

"துணியத் தூக்கிப் பார்த்தாரு. சட்டுனு மூடிட்டாரு. 'இது எங்களுக்கு ஆகாது, கொண்டு போ'ன்னாரு. ரூமவிட்டே எந்திரிச்சுப் போயிட்டாரு."

நாலொங்கோ கவிழ்த்துப் போட்ட வாளிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். குலம் கேட்காமல் அவள் கொடுத்த முதல் சாப்பாடு. இத்தனை வருஷத்தில் நிறைந்தபடி திரும்பி வந்த முதல் கிண்ணம். அவசரம் புத்தியை மறைத்துவிட்டது. மனுஷனுக்கு அவன் குலத்தையே வறுத்து அனுப்பியிருக்கிறாள்! அவமானம் பிடுங்கித் தின்றது. போயிற்று, இனி அந்த வாசலில் எந்த முகத்தோடு நிற்பது? இடுப்பில் கட்டிய துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸெங்கூபாகூடக் கிண்டலை நிறுத்திவிட்டு, "விடு நாலொங்கோ, தெரியாமத்தானே" என்றான்.

அப்போதுதான் அவளுக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. சின்ன வயசில், வீட்டில் வெட்டுக்கிளி வறுக்கும் நாளில், அம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். வாசனை அடங்கிய பிறகுதான் திரும்புவாள்.

"அடி என் தாயே!" என்று நாலொங்கோ வாய்விட்டுக் கத்தினாள். வேலிக்கு அந்தப்பக்கம் கொத்தனார்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இங்கே பிள்ளைகளுக்கு அப்பா குலம்தான்; ஆனால் அம்மாவின் குலத்தில் பிறந்த ஆண்பிள்ளை எவனானாலும் தாய்மாமன். ஐந்து வயசுப் பையனானாலும் மாமன்தான். நம்மூர்போல மாமனைக் கட்டிக்கொள்ளும் பேச்செல்லாம் இங்கே கிடையாது, ஆனால் உரிமை உண்டு. மாமன் வீட்டு முற்றத்தில் அக்கா மகள் ஒரு கோழியை எட்டிப் பிடித்தால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது.

மறுநாள் காலை அவள் ஈஸ்டருக்குக் கட்டும் மஞ்சள் கோமெசியைக் கட்டிக்கொண்டு வந்தாள். கார் நின்றது, எஞ்சினியர் இறங்கினார். நாலொங்கோ சிமென்ட் தூசியில் இரண்டு முழங்காலையும் ஊன்றி மண்டியிட்டாள். தெருவே கடையை மறந்து பார்த்தது.

"ஐயோ, என்னம்மா இது! எந்திரிங்க. நேத்து அதை அனுப்பினது நீங்கதானா?"

"தப்புதான் மாமா. எங்கம்மா குலத்தையே வறுத்து அனுப்பிட்டேன். மன்னிச்சிரணும்."

"மாமாவா? யாரு மாமா?"

"நீங்கதான். எங்கம்மா வெட்டுக்கிளிக் குலம்."

எஞ்சினியர் கண்ணில் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பையன் வயசை அதிகம் தாண்டாத முகம். ஆனால் ஆள் முறை தெரிந்தவர்தான். "எந்த ஊரு? அம்மாவோட அப்பா யாரு? அவருக்கு அப்பா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் மண்டியிட்டபடியே பாட்டன், முப்பாட்டன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். இரண்டு பெயருக்குப் பிறகு அவரும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடித்ததும் சிரித்துவிட்டார்.

"ஆனா எனக்கு முப்பத்தி நாலுதாம்மா ஆகுது!"

"மாமனுக்கு வயசு எதுக்கு? இன்னொரு தடவ அம்மான்னு சொல்லாதீங்க மாமா, எனக்குப் பாவம் வந்து சேரும்."

தெரு வெடித்துச் சிரித்தது. எஞ்சினியர் பையில் கைவிட்டார். "சரி, அக்கா மக வந்தா கோழி குடுக்கணும். இந்தா, நல்லதா ஒண்ணு வாங்கிக்க."

நாலொங்கோ அந்த நோட்டைப் பார்க்கவே இல்லை. "குடுத்து வாங்கினா அது உரிமையா மாமா? நானே பிடிச்சுக்கறேன்."

எழுந்தாள். முழங்காலில் சிமென்ட் வெள்ளையாக அப்பியிருந்தது. தார்ப்பாய்க்குள் போய், அடுப்புக்கு முட்டாக வைத்திருந்த ஒரு கருங்கல்லைத் தூக்கினாள். நேரே வாசலுக்குள் நடந்தாள், பின்படிக்கட்டின் அடியில் இருந்த மூலையில் அதை நச்சென்று வைத்தாள். ஏறக்குறைய பழைய முற்றம் இருந்த அதே இடம். மேஸ்திரி கல்லைத் தூக்க ஓடிவந்து, பிறகு நின்று, முதலாளி முகத்தைப் பார்த்தான். நாலொங்கோ கல்லின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

எஞ்சினியர் கல்லைப் பார்த்தார், மேலே படிக்கட்டைப் பார்த்தார். "அங்க புகை சூழ்ந்துக்குமே" என்றார்.

"புகைபோக்கி வெச்சுக் குடுங்க. நீங்கதானே எஞ்சினியர்?"

மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டான். எஞ்சினியர் தலையில் அடித்துக்கொண்டு, "வரைபடத்தை எடுத்துட்டு வாய்யா" என்றார். நாலொங்கோ அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். வெட்கப்படாமல், சத்தம் போட்டு அழுதாள். ஸெங்கூபாவும் மூக்கைச் சிந்தினான், கேட்டால் தூசி என்பான்.

கட்டடம் திறந்தாயிற்று. உச்சியில் ட்ரெவர் டவர் என்ற பொன்னெழுத்துகள் ராத்திரியிலும் மின்னுகின்றன. தெரு அதைச் சீந்தவே இல்லை. தாய்மாமனுக்கு இங்கே கொஜ்ஜா என்று பேர். வேன் வந்து நின்றால் கண்டக்டர் கத்துகிறான்: "கொஜ்ஜா! கொஜ்ஜால எறங்கறவங்க எறங்கு!" நவம்பரில் தெரு முழுக்க வெட்டுக்கிளி வறுக்கும் வாசனை வரும். அந்தப் படிக்கட்டின் அடியிலிருந்து மட்டும் வராது.

எஞ்சினியர் மதியம் ஏழாவது மாடியிலிருந்து இறங்கி, சுமைகூலிகளோடு வரிசையில் நின்று தட்டை நீட்டுகிறார். அன்றைக்கு ஒருநாள் காதில் போனை வைத்துக்கொண்டு யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். "ட்ரெவர் டவருங்க... தெரியலையா? சினிமாவுக்குப் பக்கத்துல... தெரியலையா?" சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கொஜ்ஜா கட்டடம்னு கேளுங்க, யாரும் காட்டுவாங்க."

நாலொங்கோ அதைக் கேட்டுக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.