ஒன்றும் அவசரமில்லை

எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் மனைவிக்குச் சண்டைக்காரி என்று பெயர். அதையும் சொல்வார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. ஒரே வீட்டுக்கு இந்த இரண்டு பெயரும் எப்படி வந்தன என்று யாரும் யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டியவன் நான். யோசிக்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

பொறுமையை நான் குறை சொல்ல வரவில்லை. சுரங்கத்தில் எனக்குக் கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை. பெல்ட் நின்றுவிட்டால் ஷிப்டில் இருக்கும் யாருக்கும் கால் தரையில் பாவாது. போன் மேல் போன் வரும். "என்னண்ணே, ஓட்டலாமா?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கீழே போனவர்கள் எல்லோரும் மேலே வந்து என் கண்ணில் படும்வரை நான் சரி என்று சொல்லமாட்டேன். ஒருமுறை எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றார்கள். எனக்கு மட்டும் ஒரு முகம் குறைந்தாற்போல் இருந்தது. இருங்கள் என்றேன். முணுமுணுத்தார்கள். மறுபடியும் இருங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில், விட்டுவிட்டு வந்த மண்வெட்டியை எடுக்கப் போயிருந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, பெல்ட்டுக்கு அடியிலிருந்து தலையெல்லாம் கரியோடு எழுந்து வந்தார். என்ன தப்பியது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. "டீ வந்துடுச்சா?" என்று கேட்டார். அந்தப் பொறுமைக்காக நான் எங்கேயும் தலைகுனிய வேண்டியதில்லை.

தலைகுனிவு எல்லாம் வீட்டுப் பக்கம்தான்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் காலையில் நல்ல காய்ச்சல். நான் முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலையை முடித்துவிட்டுப் பின்னாலேயே வருவதாக மனைவி சொன்னாள். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது ஒரு பெரியவர் உட்கார முடியவில்லை என்றார். அவரை முன்னால் விட்டேன். அடுத்து, வடலூரிலிருந்து வந்த ஓர் அம்மா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அவரையும் விட்டேன். வரிசையில் இருந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. மடியில் குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி வந்தாள். குழந்தையின் இமையை விலக்கிப் பார்த்தாள். என் மடியிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்து டாக்டர் அறைக்குள் போனாள். தடுக்க வந்தவரிடம் அவள் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். குழந்தையை உடனே அட்மிட் செய்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டர் உள்ளே அவளிடம் சொன்னது, வெளியே வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

"என்னா பொம்பளைப்பா இது" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டு, "எப்பிடித்தான் சார் இந்தம்மாவ வச்சிகினு சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். என்ன செய்வது, என் தலையெழுத்து என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கட்டிய மனைவியை முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுக்கொடுக்க அது ஒன்று போதும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு அந்தச் சிரிப்பை நான் கைவிடவில்லை. மாடி வீட்டுக்காரர் மோட்டார் வைத்துத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டபோது, கேட்கலாம், கேட்கலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் படியேறிப் போய்க் கேட்டாள். பிளாக்கே வேடிக்கை பார்த்தது. மறுநாள் எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. அதில் குளித்துவிட்டு டீக்கடைக்குப் போன நான், அங்கே மாடி வீட்டுக்காரரிடம், "அவ அப்பிடித்தான், மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன் என்றார். ஸ்கூல் பஸ், கேஸ் சிலிண்டர், எங்கள் ஜன்னலுக்குக் கீழே குப்பையைக் கொளுத்தியவர்கள் என்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அவள் போய்க் கத்தட்டும் என்று உள்ளே உட்கார்ந்து காத்திருப்பேன். அவளுக்குக் கெட்ட பெயரும், வீட்டுக்குக் காரியமும், எனக்கு நல்ல பெயரும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும்.

நான் ஓய்வு பெற்ற அன்று வழியனுப்பு விழா வைத்தார்கள். வழக்கம்போல் அவளையும் மேடையேற்றி, பக்கத்தில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். பேசிய எல்லோரும் என் பொறுமையைத்தான் பேசினார்கள். கடைசியாக மைக்கைப் பிடித்தவர் என்னோடு பல காலம் ஒரே ஷிப்டில் இருந்தவர், நல்ல மனிதர், கொஞ்சம் தமாஷ் பேர்வழி.

"எங்க அண்ணன் இவ்ளோ பொறுமைய எங்க கத்துகினாருன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அண்ணியப் பாத்தப்புறந்தான் தெரிஞ்சிது. வூட்டுலயே டெய்லி டிரெயினிங்."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், அதே சிரிப்பு. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். முன் வரிசையில் எங்கள் மகள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுத்து ஏற்புரை. மைக் என் கைக்கு வந்தது.

ஆஸ்பத்திரிக் கதவு அப்போது என் நினைவில் இருந்தது. இதோ உட்கார்ந்திருக்கிறாளே என் மகள், அவள் தன் அம்மா போட்ட சத்தத்தால்தான் பிழைத்தாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. பந்திக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள், இதை இங்கே எதற்கு, வீட்டுக்குப் போய் மனைவியிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று பொறுத்தேன். எல்லோருக்கும் நன்றி சொல்லி உட்கார்ந்தேன். வேனில் திரும்பும்போது அவள், "நல்லா பேசுனீங்க" என்றாள். வீட்டுக்குப் போயும் நான் எதுவும் சொல்லவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் பக்கம் கட்டியிருந்த வீட்டுக்கு வந்தோம். இங்கே வந்து அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பால்காரர் தண்ணீர் கலந்தால் பேசாமல் வாங்கிக்கொள்கிறாள். அமைதியான அம்மா என்று தெருவில் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்ட ஆரம்பித்தார். மணலை எங்கள் கேட்டுக்கு முன்னால் கொட்டிவிட்டார்கள். அவளுக்கு முழங்கால் வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு, மணலில் காலை வைத்துத்தான் போகவர வேண்டும். நெய்வேலியாக இருந்தால் அந்த மணல் மத்தியானம்வரை தாங்கியிருக்காது. நான் காத்திருந்தேன். நாட்கள் போயின. அவள் போய்க் கேட்கப்போவதில்லை என்பது எனக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நானே போனேன். இன்றைக்கே அள்ளுங்கள், என் மனைவியால் நடக்க முடியவில்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க சார். மணலுதானே? மேஸ்திரி ஊருக்குப் போயிட்டாருங்க. வந்தவுடனே எடுத்துடறேன், கோச்சிக்காதீங்க."

"பரவால்லங்க" என்றேன். "மெதுவா எடுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

"உங்கள மாதிரி ஒருத்தர் பக்கத்து வூட்டுல அமையணுமே சார். நாங்க குடுத்து வச்சவங்க."

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்த வயதிலும் குளிர்ந்தது என்பதை எழுதவே கூசுகிறது.

திரும்பினேன். கேட்டுக்குப் பக்கத்தில் அவள் பால் தூக்கோடு நின்றிருந்தாள். நான் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். பழக்கதோஷம், அவளைப் பார்த்தும் சிரித்தேன். அவள் முகத்தில் கோபம் வரும் என்று கொஞ்சம் ஆசையாகக்கூட எதிர்பார்த்தேன். வரவில்லை.

"இதக் கொஞ்சம் புடிங்க" என்று தூக்கை என்னிடம் கொடுத்தாள். இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக மணலில் வைத்து ஏறி இறங்கினாள். நான் பால் சிந்தாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். கை நீட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.