மேரியக்கா எழுதாத குறிப்பு

குருநகரில் எங்களுடையது சின்ன நண்டுக் கம்பனி. கனடாவில் இருக்கும் அண்ணையும் பங்காளி. திரையில் வர முடியாத நாட்களில் கூட்டக் குறிப்பை வாசிப்பார். அதை எழுதும் மேரியக்கா நாள்கணக்கில் சுணங்குகிறார் என்று, கதைப்பதை அப்படியே எழுதி எல்லோருக்கும் அனுப்பும் செயலியை நான்தான் கொண்டுவந்தேன்.

செயலி எழுதிய முதல் கூட்டத்துக்கு அண்ணை வரவில்லை. நான் கேட்ட புதிய குளிர் அறை வேண்டாமென்று சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு விசர் வந்து எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்.

"அப்பான்ரை செத்தவீட்டுக்கே வராத ஆள், எனக்குப் புத்தி சொல்ல வாறாரோ?"

அகதி வழக்கு முடியாததால் வர வழியில்லாமல் அவர் அங்கே தவித்தது எனக்குத் தெரியும். மேரியக்கா என்றால் 'கருத்து வேறுபாடு ஏற்பட்டது' என்று முடித்திருப்பார். செயலி என் பெயரைப் போட்டு முழுவதையும் அனுப்பிவிட்டது. அண்ணை வாசித்திருக்க மாட்டார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு ஒரு கிழமை சும்மா இருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் அண்ணை திரையில் இருந்தார். வழக்கம்போலக் கேட்டேன்: "போன கூட்டக் குறிப்பிலை திருத்தம் இருக்கோ?"

"இல்லையடா தம்பி. நீ சொன்னபடியேதான் கிடக்கு," என்றார் அண்ணை.

அதன்பிறகு அவர் என்னோடு கதைக்கவும் இல்லை, கூட்டத்துக்கு வரவும் இல்லை. செயலியை என்ன குறை சொல்வது? நான் சொல்லாத எதையும் அது எழுதவில்லை.

இப்போது மறுபடியும் மேரியக்காதான் எழுதுகிறார். அண்ணையின் பெயருக்கு நேரே 'சமூகமளிக்கவில்லை' என்று எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.