பதினேழு கொய்னா மாத்திரைகள்

டத்தோ கிராமாட் பக்கத்து ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக வாளி சுமந்து, நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிப் போட்டவர் பிச்சைமுத்து. கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸர் வேலைக்கான பரீட்சையில் இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் பிறகு எழுத விடமாட்டார்கள், ஆயுசுக்கும் வாளிதான்.

புண் கட்டும் கையைக் குறை சொல்ல ஆளில்லை. கணக்குதான் காலை வாரியது. எண்களைக் கண்டால் கூட்டிவிடுவார்.

"பன்னெண்டு மலேரியா நோயாளி. ஈச் ஆளுக்கு ரெண்டு கொய்னா மாத்திரை. எவ்ரி டே மூணு வேளை. ஒரு நாளைக்கு எத்தனை, மிஸ்டர் பிச்சை?" வெள்ளைக்கார டாக்டரைப் போலவே மூக்கால் கேட்டான், இளைய டிரஸர் லாரன்ஸ்.

"பதினேழு, தம்பி."

"ஒரு வேளைக்கே பத்தாதுலா அண்ணே! கடைசிக் கட்டில்காரன் உங்க விரலைக் கடிச்சுத் தின்னுருவான்."

மருந்துப் புட்டி லேபிளின் முதுகில் மூன்று வார்த்தை எழுதிக் கொடுத்தான்: ஈச், எவ்ரி, டைம்ஸ். "இதுல ஒண்ணு கண்ணுல பட்டா யோசிக்காம பெருக்குங்க."

அன்று முதல் வீட்டில் ஓயாத முணுமுணுப்பு. மீன் அலசிக்கொண்டே மனைவி ருக்குமணி பழிப்புக் காட்டினாள்: "ஈச்சு, எவ்ரி... பேய் ஓட்டுறாரு மனுஷன்!"

பரீட்சையில் முதல் மூன்று கணக்கிலும் 'ஈச்' இருந்தது. பெருக்கினார். நான்காவது: 'மாத்திரைகள் தொண்ணூற்றாறு. ஈச் நோயாளிக்கு எட்டு. எத்தனை பேருக்கு வரும்?'

வார்த்தையைக் கண்டதும் பேனா பாய்ந்தது. எழுநூற்று அறுபத்தெட்டு.

மை ஒற்றும்போது விடையைத் திரும்பப் படித்தார். "இத்தனை பேரா? வாளி யாரு தூக்குறது?"

கண்ணை மூடினார். மனசுக்குள் தட்டோடு வார்டில் நடந்தார். முதல் கட்டிலுக்கு எட்டு, அடுத்ததற்கு எட்டு... பன்னிரண்டாவது கட்டிலில் தட்டு காலி. அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார்.

முடிவு வந்த அன்று லாரன்ஸ் ஓடி வந்தான். "பாஸ்லா அண்ணே! மத்த பயலுங்களுக்கும் இதே லேபிளைத்தான் எழுதிக் குடுத்தேன்; அதை நம்பி நாலாவது கணக்கைப் பெருக்கிப் பாதிப் பேரு அவுட்."

"நானும் நம்புனேன் தம்பி. விடையில வந்த நோயாளிக் கூட்டத்தைப் பாத்துத்தான் பயந்துட்டேன்."

திங்கட்கிழமை மருந்து அலமாரிச் சாவி அவர் கைக்கு வந்தது. சாயங்காலம் அதை ருக்குமணியிடம் காட்டினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்கக் குரலை உயர்த்தினாள்.

"சந்தோஷத்துல அலமாரியில இருக்கிற கொய்னாவை எடுத்து வாயில போட்டுறாதீங்க. கசக்கும்."